பிறர் பேச்சை வாசிக்கச் சொல்லும் கலை: குறியீட்டுக் கையேட்டிலிருந்து பிராம்ப்ட் வரை

சமூக ஆய்வில் நேர்காணல் என்பது இருவர் பேசி எழுந்ததும் முடிந்துவிடும் செயலன்று. பதிவான பேச்சு எழுத்துப்படியாக மாற்றப்பட்டு, அந்தப் படி பலமுறை வாசிக்கப்பட்டு, ஒத்த பொருளுடைய பகுதிகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, அவற்றிலிருந்து ஒரு முடிவு திரண்டு வரும்வரை அது நீள்கிறது. ஐம்பது பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினாலே எழுத்துப்படி பல நூறு பக்கங்களைத் தாண்டிவிடுவதால், ஆய்வை வகுத்தவரே எல்லாவற்றையும் வாசிப்பது பல வேளைகளில் இயலாமற்போய், அவருக்காக வாசிக்கும் உதவியாளர்களுக்கு எதைத் தேடுவது, எதை விடுவது, தேடிக் கண்டதை எப்படிக் குறித்துவைப்பது என்று எழுதித் தரவேண்டிய தேவை எழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு ஆய்வாளர் இன்று தட்டச்சு செய்து தரும் பிராம்ப்ட், அதாவது ஒரு மொழி மாதிரியை ஒரு வேலையில் ஏவும் அறிவுறுத்தல், புதிதாக முளைத்த எழுத்து வகைபோலத் தோன்றினாலும், ஒன்றரை நூற்றாண்டாக வளர்ந்துவந்த அந்த அறிவுறுத்தலின் இன்றைய வடிவமே ஆகும். நல்ல பிராம்ப்டின் இலக்கணம் எதுவென்று அறிய விரும்புவோர் அந்தப் பழைய அறிவுறுத்தல்கள் எங்கெங்கே தவறின, எப்படித் திருத்தப்பட்டன என்பதை அறிந்துகொள்வது பெரிதும் பயன்தரும்.

தாளும் வகையும்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஹென்றி மேஹ்யூ, 1849 முதல் 'மார்னிங் குரோனிக்கிள்' நாளிதழுக்காகத் தெருவணிகர்களையும் தையல் தொழிலாளர்களையும் துறைமுகக் கூலிகளையும் சந்தித்து, அவர்கள் பேச்சை அவர்கள் வாய்மொழியாகவே வாசகர்முன் வைத்தார். 1886இல் தம் பெரிய விசாரணையைத் தொடங்கிய சார்ல்ஸ் பூத் வேறு வழியில் சென்றார். வீடுவீடாகச் சென்று குழந்தைகளின் பள்ளி வருகையைக் கண்காணித்த அலுவலர்களிடம் பூத்தும் அவருடைய உதவியாளர்களும் நீண்ட நேரம் கேட்டறிந்து, கிடைத்த செய்திகளைக் கொண்டு நகர மக்களை 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, தெருக்களுக்கு நிறம் தீட்டி வரைபடம் ஆக்கினார்கள். 17 தொகுதிகளாக விரிந்த அந்த ஆய்வு, மக்கள் பேச்சையும் பார்வையாளர் குறிப்பையும் முன்கூட்டி வகுத்த சட்டகத்துக்குள் வைத்து எண்ணமுடியும் என்பதை நிறுவியது. ஆயினும் வரைபடத்தில் கறுப்பு நிறம் பெற்ற தெருக்களுக்கு வறுமையின் அளவோடு ஒழுக்கக்கேடு, குற்ற இயல்பு என்ற தீர்ப்பும் சேர்த்தே எழுதப்பட்டது. வகைக்குப் பெயர் இடும்போதே தீர்ப்பு நுழைந்துவிட்டால் அதன்பின் எவ்வளவு நுணுக்கமாக எண்ணினாலும் அத்தீர்ப்பு அகலாது என்பது அந்த வரைபடம் விட்டுச்சென்ற முதற்பாடம்.

பூத்தின் விசாரணையில் லண்டன் கிழக்குப் பகுதியின் துறைமுகத்தையும் தையல் தொழிலையும் ஆராய்ந்த பியாட்ரிஸ் பாட்டர், பிற்காலத்தில் பியாட்ரிஸ் வெப் என்று அறியப்பட்டவர், இரண்டாம் பாடத்தைத் தந்தார். 1926இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலிலும், கணவர் சிட்னி வெப்புடன் 1932இல் எழுதிய ஆய்வுமுறை நூலிலும், குறிப்பெடுத்தலை ஒரு தனிக் கலையாகவே அவர் விளக்கினார். கட்டிய நோட்டுப் புத்தகத்தைத் தவிர்த்துத் தனித்தனித் தாள்களில் எழுதவேண்டும், ஒரு தாளில் ஒரு செய்தி மட்டுமே இருக்கவேண்டும், அச்செய்தியின் காலமும் இடமும் அது வந்த வழியும் அதே தாளில் இருக்கவேண்டும் என்பவை அவர் வகுத்த விதிகள். தாள்கள் தனித்தனியாக இருந்தால் அவற்றை இடத்தின்படி ஒருமுறையும் காலத்தின்படி ஒருமுறையும் காரணத்தின்படி ஒருமுறையும் அடுக்கிப் பார்க்கலாம். அடுக்கு மாறும்போது முன்பு தென்படாத உறவு தென்படும். எவ்வளவு முறை கலைத்து அடுக்கினாலும் ஒவ்வொரு செய்தியும் தன் பிறப்பிடத்தைத் தன்னோடு சுமந்துகொண்டே செல்லும் என்பதுதான் அம்முறையின் உயிர்.

சொன்னதும் சொல்லவந்ததும்

நேர்காணலைப் பெருந்திரளாக நடத்திப் பகுத்த முதல் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை நடந்தது. அங்கே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசப்பட்டது. மேற்பார்வை, வேலைச்சூழல், வேலை என்ற தலைப்புகளில் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதே தொடக்கத் திட்டமாக இருந்தது. ஆனால் தொழிலாளர்கள் கேள்வியை விட்டு விலகித் தம் மனத்தில் இருப்பதையே பேசிச் சென்றதால், அந்த விலகலில்தான் பொருள் இருக்கிறது என்று உணர்ந்த ஆய்வுக்குழு, 1929இல் அறிவுறுத்தலை மாற்றி, வாதிடாமலும் புத்திமதி சொல்லாமலும் பேசுபவர் போகும் வழியிலேயே கேட்டுச்செல்லுமாறு பணித்தது.

அந்தப் பேச்சை எப்படி வாசிப்பது என்பதில் எஃப். ஜே. ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் செய்த பாகுபாடு இன்றும் மதிப்புக் குன்றாதது. இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது என்ற குறையைச் சென்று பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். அறை புழுக்கமாக இருக்கிறது என்ற குறையில் உணர்பவரின் உடலும் சேர்ந்திருப்பதால் அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். கூலி போதவில்லை, திறமைக்கு மதிப்பில்லை என்ற குறைகளையோ பேசுபவரின் வாழ்க்கை நிலையையும் எதிர்பார்ப்பையும் அறியாமல் விளங்கிக்கொள்ளவே முடியாது. மூன்றையும் 'குறை' என்ற ஒரே பெட்டியில் போட்டு எண்ணினால் பெரிய எண் கிடைக்கும், பொருள் கிடைக்காது. ஒரு கூற்றின் வெளிப்படையான உள்ளடக்கத்தையும் அதனுள் உறையும் பொருளையும் வேறுபடுத்திக் குறிக்கவேண்டும் என்ற விதி இவ்வாறு உருவாயிற்று.

அதே பத்தாண்டில், பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையிழந்த எழுத்தாளர்களைக் கொண்டு அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தின் கீழ், 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில், அடிமை நிலையில் பிறந்து முதுமை எய்தியிருந்த கறுப்பின மக்களின் 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கூற்றுகள் தொகுக்கப்பட்டன. கேள்வி கேட்டவர்களுள் மிகப் பலர் வெள்ளையர். பதில் சொன்னவர்கள் வறுமையிலும் இனப் பாகுபாட்டின் அச்சத்திலும் வாழ்ந்தவர்கள். ஆகவே அக்கூற்றுகளில் என்ன சொல்லப்பட்டது என்பதோடு யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் வற்புறுத்தினார்கள். கேட்டவர் யார், இடம் எது, உடனிருந்தவர் யார் என்ற சூழலை நீக்கிவிட்டுத் தனியே எடுத்த எழுத்துப்படி, பாதிச் சான்றாகவே நிற்கிறது.

குறியும் உடன்பாடும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் கருத்தாய்வுப் பிரிவுகளுக்குள், மக்களைத் தங்கள் சொற்களிலேயே விரிவாகப் பேசவிடுவதா, ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்க கேள்விகளோடு நிறுத்துவதா என்ற பிணக்கு எழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1944இல் எழுதிய கட்டுரையில் இரண்டுக்கும் இடம் வகுத்து, எந்தெந்தப் பதில்கள் வரக்கூடும் என்று ஆய்வின் தொடக்கத்தில் கண்டறியவும், எண்களால் விளங்காதவற்றை முடிவில் விளக்கவும் விரிவான நேர்காணல் பயன்படும் என்று காட்டினார். விரிவான பதில்களையும் எண்ணியாக வேண்டியிருந்தது. எண்ணும் கருவியோ, 1928 முதல் வழக்கத்துக்கு வந்த, 80 நிரல்கள் கொண்ட துளையிட்ட அட்டை. ஒருவர் பத்து வாக்கியங்களில் சொன்னதை அட்டையில் ஒரு துளையாக மாற்றும் வேலைக்குக் குறியிடல் என்று பெயர் வந்தது. எந்தப் பதிலுக்கு எந்த எண் என்று விளக்கிய ஏடு குறியீட்டுக் கையேடு ஆயிற்று. எதிலும் பொருந்தாத பதில்களுக்கு 'மற்றவை' என்றொரு வகை வைக்கப்பட்டது. அவ்வகை பெருத்துக்கொண்டே போனால் குறை பதில்களில் இல்லை, வகைகளை வகுத்த விதத்தில்தான் இருக்கிறது என்பது இத்தொழிலில் ஊறியவர்கள் அறிந்தது.

ஒரே கையேட்டை வைத்துக்கொண்டு இருவர் தனித்தனியே குறியிட்டால் ஒரே முடிவு வருமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1960இல் உளவியலாளர் ஜேகப் கோஹன் வகுத்த 'கப்பா' என்ற அளவு, தற்செயலாகவே நேரக்கூடிய உடன்பாட்டைக் கழித்துவிட்டு எஞ்சுவதை மட்டும் கணக்கில் கொள்கிறது; முழு உடன்பாட்டுக்கு 1, தற்செயலுக்கு மேல் எதுவும் இல்லையெனில் 0. இதன் தேவையை ஓர் எளிய கணக்கு காட்டும். இருவரும் வாசிக்காமலே நூற்றில் தொண்ணூறு பகுதிகளுக்கு 'இல்லை' என்று குறித்துச் சென்றாலும், இருவரும் 'இல்லை' எனச் சந்திக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு, 'உண்டு' எனச் சந்திக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு, ஆகக் கூடி 82 விழுக்காடு உடன்பாடு கிடைத்துவிடும். இயந்திரமும் மனிதரும் குறியிட்டவை எண்பது விழுக்காடு ஒத்துப்போயின என்று அறிவிக்கப்படும்போது, அந்த எண்ணிக்கை தற்செயலைக் கழித்தபின் வந்ததா என்று கேட்கவேண்டிய காரணம் இதுவே.

தரவிலிருந்து எழும் வகை

முன்கூட்டி வகுத்த வகைகளின் ஆட்சியை எதிர்த்து வந்ததே, பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் நூலாக வெளியிட்ட தரவுவழிக் கோட்பாட்டு முறை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மருத்துவமனைகளில் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளையும் அவர்களைச் சூழ்ந்திருந்தவர்களையும் ஆராய்ந்து, 1965இல் அவர்கள் வெளியிட்ட முந்தைய நூல் நான்கு நிலைகளை இனங்கண்டது. சாவு நெருங்குவதை நோயாளி அறியாதிருப்பது ஒன்று, ஐயுறுவது ஒன்று, நோயாளியும் மற்றவரும் அறிந்திருந்தும் அறியாததுபோல் நடந்துகொள்வது ஒன்று, இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது ஒன்று. இவற்றுள் மூன்றாவதான 'இருபக்கப் பாவனை' எந்தக் கேள்வித்தாளிலும் முன்கூட்டி இடம்பெற்றிருக்கக்கூடியதன்று. ஒரு நிகழ்வை இன்னொன்றோடு இடைவிடாமல் ஒப்பிட்டு, ஒப்பிடும்போது தோன்றிய எண்ணங்களை உடனுக்குடன் குறிப்புகளாக எழுதிவைத்ததால்தான் அவ்வகை பிடிபட்டது. பேசியவரின் சொல்லையே வகையின் பெயராக வைக்கும் வழக்கமும், வகைக்கு அடங்காத நிகழ்வைத் தேடிச்சென்று வகையைத் திருத்தும் வழக்கமும் இம்மரபில் ஆழ வேரூன்றின.

அதே காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஸ்டோனும் அவர் குழுவினரும் 'ஜெனரல் இன்குவைரர்' என்ற கணினி நிரலை உருவாக்கி, 1966இல் அதை விளக்கும் நூலை வெளியிட்டார்கள். வகைவாரியாகத் தொகுத்த சொற்பட்டியல்களை உரையோடு ஒப்பிட்டு எண்ணுவது அதன் வேலை. அது அயராது, மனம் மாறாது, ஒரே உரைக்கு ஒரே விடையைத் தரும். ஆனால் சாவைப் பற்றி ஒரு சொல்லும் உதிர்க்காமல், அடுத்த பண்டிகைக்கு வீட்டுக்குப் போவதைப் பற்றியே நோயாளியும் செவிலியும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், இருபக்கப் பாவனையைச் சொற்பட்டியல் காணாது. சொல்லப்படாமையே அங்கு சான்றாக இருக்கிறது.

1981இல் மெல்பர்ன் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் லின் ரிச்சர்ட்ஸும் கணினியியலாளர் டாம் ரிச்சர்ட்ஸும் உருவாக்கத் தொடங்கிய 'நூடிஸ்ட்', ஜெர்மனியில் 1989இல் ஊடோ குக்கார்ட்ஸ் உருவாக்கிய 'மேக்ஸ்', பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றிலிருந்து பிறந்த 'அட்லஸ்.டி' ஆகியவை வேறு பாதையைத் தேர்ந்தன. வாசிப்பதையும் தீர்மானிப்பதையும் ஆய்வாளரிடமே விட்டுவிட்டு, அவர் இட்ட குறிகளை நினைவில் வைத்து, கேட்டபோது தொடர்புடைய பகுதிகளை அவை எடுத்துத் தந்தன. பியாட்ரிஸ் வெப்பின் தனித்தாள்கள் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தன என்று இதைச் சொல்லலாம்.

கையேட்டின் ஆறு உறுப்புகள்

குறியீட்டுக் கையேடு எப்படி அமையவேண்டும் என்பதைத் திட்டமாக எழுதியவர்கள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த கேத்லீன் மக்குவீனும் உடன் பணியாற்றியவர்களும் ஆவர். 1998இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை ஒவ்வொரு குறிக்கும் ஆறு உறுப்புகளை வகுத்தது: குறியின் பெயர், சுருக்க வரையறை, முழு வரையறை, எப்போது இடவேண்டும் என்ற விதி, எப்போது இடக்கூடாது என்ற விதி, எடுத்துக்காட்டு. இவற்றுள் ஐந்தாவதே மிகுந்த அனுபவத்தால் விளைந்தது. வகைகள் அவற்றின் நடுவில் குழம்புவதில்லை, எல்லையில்தான் குழம்புகின்றன என்பதால், அண்டை வகையோடு எங்கே மயங்கக்கூடும் என்று முன்னறிந்து சொல்வதே குழுவாகக் குறியிடுபவர்களைக் காப்பாற்றுகிறது.

2006இல் உளவியலாளர்கள் வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு படிகளாக விளக்கினார்கள். கருப்பொருள் என்பது தரவுக்குள் புதைந்து கிடந்து தானே மேலெழுவதன்று, ஆய்வாளர் தம் கேள்வியோடும் பின்னணியோடும் வாசித்து ஆக்குவது என்பதை அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளார்கள். உடன்பாட்டை அளக்கும் மரபும் வாசிப்பவரின் பார்வையை மதிக்கும் இம்மரபும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்தாலும், எந்த மரபில் நின்று வாசிக்கிறோம் என்று முதலில் அறிவித்துவிட வேண்டும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடில்லை.

பிராம்ப்ட் என்ற கையேடு

2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி, தனியே பயிற்றுவிக்காமலே, அறிவுறுத்தலோடு சில எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துத் தந்தால் அவற்றைப் பின்பற்றிப் புதிய உரையைக் கையாளும் என்று காட்டியது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் நேர்காணல் ஆய்வாளர்களும் அதை நாடத் தொடங்கினார்கள். மொழி மாதிரி என்பது முன்வந்த உரையைக் கொண்டு அடுத்த சொற்கூறு எதுவாக இருக்கக்கூடும் என்று கணித்துக்கொண்டே செல்லும் அமைப்பு. 'இந்த நேர்காணல்களின் கருப்பொருள்களைத் தருக' என்று மட்டும் கேட்டால், எந்த நோயாளியைப் பற்றியும் சொல்லக்கூடிய குடும்ப ஆதரவு, பொருளாதாரச் சுமை, தகவல் தொடர்பு என்ற பொதுச்சொற்களே திரும்பி வருவதன் காரணம் அக்கணிப்பில்தான் இருக்கிறது. பலரும் எழுதிய வழக்கமான பாதையில் அது இயல்பாகச் செல்கிறது. இந்தத் தரவுக்கே உரிய பாதையைக் காட்டவேண்டியது அறிவுறுத்துபவரின் கடமை.

மேற்கண்ட மருத்துவமனை வகையையே தேடுவதாகக் கொண்டால், நல்ல பிராம்ப்ட் முதலில் ஆய்வின் கேள்வியையும், யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசினார் என்பதையும் தெரிவிக்கும். பின்னர் இருபக்கப் பாவனைக்கு வரையறை தரும்: சாவு நெருங்குவதை நோயாளியும் மற்றவரும் அறிந்திருந்தும் அறியாததுபோல் பேசுதல். நோயாளி உண்மையை அறிந்ததற்கு எழுத்துப்படியில் வேறெங்காவது சான்று இருந்தால் மட்டுமே இக்குறியை இடுக, அவர் அறியாதிருந்தாலோ ஐயம் மட்டும் கொண்டிருந்தாலோ இடவேண்டா என்று எல்லை வகுக்கும். பொருந்தும் பகுதி ஒன்றையும், பொருந்துவதுபோல் தோன்றிப் பொருந்தாத பகுதி ஒன்றையும் எடுத்துக்காட்டாக வைக்கும். குறியிட்ட ஒவ்வொரு பகுதிக்கும் பேசியவரின் சொற்களை மாற்றாமல் வரி எண்ணோடு தருமாறும், சான்று போதாத இடத்தில் போதாது என்றே எழுதுமாறும், எந்த வகைக்கும் அடங்காதவற்றைத் தனியே பட்டியலிடுமாறும் கேட்கும். வெளிப்படையான கூற்றை முதலிலும் அதன் உட்பொருள் பற்றிய ஊகத்தை அடுத்தும் வெவ்வேறாக எழுதச் சொல்லும். பூத், வெப், ஹாதார்ன், கிளேசர், ஸ்ட்ராஸ், மக்குவீன் என்ற வரிசையில் கற்ற பாடங்கள் அனைத்தும் இந்தச் சில வாக்கியங்களில் உள்ளன.

இயந்திரத்துக்கே உரிய குறைகளும் சில உள்ளன. நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றைப் பயன்படுத்தும் அளவுக்கு நடுவில் உள்ளவற்றை மொழி மாதிரிகள் பயன்படுத்துவதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியதால், எல்லா எழுத்துப்படிகளையும் ஒன்றாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாகத் தந்து, பின்னர் முடிவுகளை ஒப்பிடச் சொல்வதே பாதுகாப்பானது. யாரும் சொல்லாத வாக்கியத்தை மேற்கோளாகத் தந்துவிடும் பிழையும் நேர்வதால், தரப்பட்ட ஒவ்வொரு மேற்கோளும் மூலப்படியில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது தவிர்க்கமுடியாத வேலை. தொழிலாளரின் அடையாளத்தை நீக்கிய பின்பே அவர் பேச்சை மேற்பார்வையாளர் பயிற்சிக்குப் பயன்படுத்திய ஹாதார்ன் வழக்கம், எழுத்துப்படியை வெளிச் சேவையகத்துக்கு அனுப்பும் இக்காலத்தில் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றத்தக்கது.

தமிழில் நடந்த நேர்காணல்களுக்கு வேறொரு கவனமும் வேண்டும். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பகுத்தால், கேட்பவரைச் சேர்க்கும் 'நாம'வும் கேட்பவரை விலக்கும் 'நாங்க'வும் ஒரே சொல்லாகக் கரைந்து, பேசியவர் ஆய்வாளரைத் தம்மவராகக் கொண்டாரா என்ற அரிய சான்று அழிந்துபோகும். 'அவங்க' என்பது ஒருவரை மதித்துச் சொன்னதா, பலரைச் சுட்டியதா என்பது சூழலால்தான் தெளியும்; அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு மாமியார் பல உறவினராகப் பெருகிவிடக்கூடும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தாமல் அப்படியே தருவதும், இவ்வேறுபாடுகளைக் கவனிக்குமாறு பிராம்ப்டிலேயே சொல்வதும், மூலமொழியிலேயே பகுக்கச் செய்வதும் இவ்விழப்பைக் குறைக்கும்.

பள்ளி அலுவலரும் குறியிடும் உதவியாளரும் இன்றைய மொழி மாதிரியும் ஆய்வாளருக்காக வாசித்தவர்கள். அவர்களை எப்படி வாசிக்கச் சொன்னார் என்பதற்கு ஆய்வாளரே பொறுப்பு. கறுப்பு மை பூசப்பட்ட தெருவில் வாழ்ந்தவருக்குத் தம் தெருவின் நிறத்தை மறுத்துச் சொல்ல வழி இருக்கவில்லை. நேர்காணலில் மனம் திறந்து பேசியவருக்கும் தம் பேச்சு எந்தக் குறியின் கீழ்ப் போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் தெரியவருவதில்லை. மேற்கோளை வரி எண்ணோடு கேட்பதும், அதை மூலத்தோடு ஒப்பிடுவதும், அடங்காதவற்றைத் தேடிப் பார்ப்பதும் ஆய்வின் துல்லியத்துக்காக மட்டுமின்றி, அங்கே இல்லாத அம்மனிதரின் சார்பாகவும் செய்யப்படும் சரிபார்ப்புகளாகும்.